யாருக்கு எந்த எடிட்டிங் மென்பொருள்: நீலகிரியில் செய்து பார்த்த பதிவு

போட்டோ எடிட்டிங்குக்கு எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்குச் சரிவராமல் கிடக்கும் படங்கள் எவை? நல்ல வெளிச்சத்தில் ஒழுங்காக எடுத்த படத்தை எதில் திறந்தாலும் நன்றாகத்தான் இருக்கும், அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. விளம்பர வீடியோக்களில் காட்டுவதும் அந்த மாதிரிப் படங்களைத்தான், அந்தி வானம், அசையாத ஏரி, ஒரு ஸ்லைடரை இழுத்ததும் அப்படியே மாறிவிடும் நிறம். கோத்தகிரியில் எனக்குக் கிடைக்கும் படங்கள் வேறு. மதியம் தாண்டினால் மேட்டுப்பாளையம் பக்கமிருந்து மேகம் ஏறிவந்து தோட்டத்தை மூடிவிடும், சோலைக்குள் போனால் பகலிலேயே இருட்டு, பண்டிகைக்குப் போனால் ஊரே வெள்ளை உடுத்தி வெயிலில் நிற்கும். இந்த மூன்றையும் எது ஒழுங்காகக் கையாளும் என்று பார்ப்பதுதான் எனக்குத் தேவையாக இருந்தது.

மாற வேண்டிய கட்டாயம் எப்படி வந்தது என்றால், பல வருடமாக நான் வைத்திருந்தது அடோபியின் லைட்ரூம் 6. ஒருமுறை காசு கொடுத்தால் போதும் என்று விற்ற கடைசி லைட்ரூம் அது. 2015இல் வந்தது, 2017 டிசம்பரோடு அதற்கான அப்டேட் நின்றது. பிற்பாடு நான் வாங்கிய நிக்கான் இசட்50 கேமரா வெளியானது 2019இல், ஆகவே அதன் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் படக் கோப்பு) இதில் நேரடியாகத் திறக்காது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரில் போட்டு டிஎன்ஜி என்ற பொதுவான ரா வடிவத்துக்கு மாற்றித் திறக்கலாம், கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினேன், ஆனால் ஒவ்வொரு தடவையும் மாற்றி, ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி வைத்து, ஹார்ட் டிஸ்க் நிரம்பி, சரி இனி முடியாது என்றாகிவிட்டது. அதே சமயத்தில் குன்னூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கும் யோசனையில் இருந்தார். "தம்பி, உனக்குப் பார்க்கறதோட எனக்கும் சேர்த்துப் பார்த்துச் சொல்லு" என்றார். ஊட்டி இந்து நகரில் ஒரு பெரியவர் பெட்டி பெட்டியாகக் கருப்பு வெள்ளை நெகட்டிவ் வைத்துக்கொண்டு, இதையெல்லாம் எப்படிக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். மூன்று பேர் வேலையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டேன். மூன்று பேருக்கும் வெவ்வேறு விடைதான் வந்தது, அதனால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன்னால் திரை. மலிவான மடிக்கணினித் திரைகள் பலவும் எஸ்ஆர்ஜிபி என்கிற பொதுவான வண்ண வரம்பில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தைத்தான் காட்டும். தேயிலைப் பச்சை ஒரே பச்சை இல்லை, கொழுந்து மஞ்சள் கலந்து மின்னும், முற்றிய இலை கருத்து நீலம் தட்டும், அந்தத் திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும். என் மடிக்கணினித் திரையும் அந்த ரகம் என்பதால் வெளியே ஒரு ஐபிஎஸ் மானிட்டரை (பார்க்கும் கோணம் மாறினாலும் நிறம் அதிகம் மாறாத வகை) இணைத்து, ஸ்டுடியோ அண்ணனிடம் இருந்த கலர் அளக்கும் கருவியை வாங்கி, டிஸ்ப்ளேகேல் என்ற இலவச மென்பொருளை வைத்து அளவு சரிசெய்தேன். திரை வெளிச்சத்தைச் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலாவுக்கு இறக்கியதும் முதலில் திரை மங்கலாகத்தான் தெரியும், கண் பழகிவிடும். பிரிண்ட் போட்டால் இருட்டாக வருகிறது என்று பலரும் லேபைக் குறை சொல்கிறார்கள், பெரும்பாலும் அவர்கள் எடிட் செய்த திரையின் வெளிச்சம்தான் அதிகமாக இருந்திருக்கும்.

அப்புறம் படங்களைப் பொறுக்கினேன். ஏற்கெனவே முயன்று பார்த்துத் திருப்தி வராத படமாக மட்டும் எடுத்துக்கொண்டேன். கோடநாடு போகும் வழியில் எடுத்த பனிமூட்டத் தோட்டம். லாங்வுட் சோலையில் இருட்டுக்காக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, 6400க்கு ஏற்றி எடுத்த நீலகிரி ஈப்பிடிப்பான் என்ற குருவி. பேரகணியில் படுகர் மக்களின் ஹெத்தையம்மன் பண்டிகையில் உச்சி வெயிலில் வெள்ளை உடுத்தி நிற்கும் கூட்டம். ஒரு காட்டேஜுக்காக எடுத்த அறை, ஜன்னலுக்கு வெளியே பளீரென்று பள்ளத்தாக்கு, உள்ளே இருட்டு. இதற்கெல்லாம் என்ன வேண்டும் என்பதை எந்த மென்பொருளையும் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவைத்தேன், தொழில்நுட்ப வார்த்தை எதுவும் போடாமல்: "முன்வரிசைச் செடி தெளியணும், பின்னாடி பனி அப்படியே இருக்கணும்." "குருவி கழுத்தில் இறகு இழை தெரியணும்." "வேட்டி வெள்ளையா இருக்கணும், மடிப்பும் தெரியணும்." இப்படி எழுதாமல் உட்கார்ந்தால் அந்த மென்பொருளில் எது சுலபமோ அதையே செய்துகொண்டு போய்விடுவோம், கடைசியில் படம் பளிச்சென்று இருக்கும், ஆனால் நாம் பார்த்த தோட்டம் அதில் இருக்காது.

எடுத்துக்கொண்டவை: லைட்ரூம் கிளாசிக், டார்க்டேபிள், ராதெரபி, டிஎக்ஸ்ஓ போட்டோலேப், நிக்கான் இலவசமாகத் தரும் என்எக்ஸ் ஸ்டுடியோ. காசு கொடுத்து வாங்கும் இரண்டுக்கும் டிரையல் உண்டு. டார்க்டேபிளும் ராதெரபியும் திறந்த மூலம், முழுக்க இலவசம். கேப்சர் ஒன்னை விட்டுவிட்டேன், கேமராவைக் கம்ப்யூட்டரோடு இணைத்துப் பொருள்களையும் மாடல்களையும் எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பெரிய பலம், எங்கள் மூன்று பேரில் யாருக்கும் அந்த வேலை இல்லை.

பனிமூட்டத்தில்தான் அதிக நேரம் போனது. அந்தப் படத்தின் ஹிஸ்டோகிராமை, அதாவது கருப்பிலிருந்து வெள்ளை வரை எந்த வெளிச்சம் எவ்வளவு என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஓரமும் காலி, எல்லாம் நடுவில் குவிந்து நிற்கும், ஏனென்றால் பனிக்குள் உண்மையான கருப்பும் கிடையாது, உண்மையான வெள்ளையும் கிடையாது. எந்த மென்பொருளிலும் ஆட்டோ பொத்தானை அழுத்தினால் அது இந்தக் குவியலை இரண்டு ஓரத்துக்கும் இழுத்து நிரப்பப் பார்க்கும். பனி போய்விடும், தூரத்து சில்வர் ஓக் மரங்கள் கரிக்கோடு போட்டது மாதிரி முன்னால் வந்து நிற்கும். சரி, மூட்டத்தை நீக்கும் டீஹேஸ் கருவி இருக்கிறதே என்றால் அது இன்னும் மோசம். இந்த வகைக் கருவிகள் பலவற்றுக்கும் அடிப்படையான கணக்கு எளிது: தெளிவான வெளிப்புறப் படத்தில் எந்தச் சின்னப் பகுதியை எடுத்தாலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதாவது ஒன்று ஏறக்குறைய பூஜ்யமாக இருக்கும், அப்படி இல்லாமல் மூன்றுமே உயர்ந்து நின்றால் அந்த உயரம் புகைமூட்டத்தின் பங்கு என்று எடுத்துக்கொண்டு அதைக் கழித்துவிடுவது. 2009இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து பரவிய வழி இது. மூட்டத்தைத் தொல்லையாக நினைப்பவர்களுக்கு மிக நல்ல கருவி. எனக்கோ அந்த மூட்டம்தான் படம். கழித்தால் மரத்தைச் சுற்றி வெளிச்ச வளையம் விழுகிறது, பனியின் வெள்ளை அழுக்கு நீலமாகிறது, ஒளிந்திருந்த நாய்ஸ், அதாவது மணல் தூவியது போன்ற புள்ளிகள், முழுக்க மேலே வந்துவிடுகிறது.

எனக்கு வேண்டியது, முன்வரிசைச் செடிகளுக்கு மட்டும் கூர்மையும் அழுத்தமும், இரண்டாவது வரிசைக்குப் பாதி, அதற்குப் பின்னால் ஒன்றும் கூடாது. லைட்ரூமில் கீழிருந்து மேலே கரையும் கிரேடியன்ட் மாஸ்க் ஒன்று போட்டு (திருத்தம் எந்தப் பகுதியில் மட்டும் பட வேண்டும் என்று குறிப்பதுதான் மாஸ்க்), அதை வெளிச்ச அளவு மாஸ்க்கோடு வெட்டி, நுண்விவரத்தைத் தூக்கும் டெக்ஸ்சரைக் கொஞ்சம் ஏற்றினேன். மேல்பாதிக்கு டீஹேஸை மைனஸ் பக்கம் துளி நகர்த்தினேன், அப்படி நகர்த்தினால் அது பனியைக் கூட்டும், பலருக்கு இது தெரிவதில்லை. நான் நினைத்தது வந்துவிட்டது, வேகமாகவும் வந்தது. டார்க்டேபிளில் ஒவ்வொரு கருவியும் ஒரு தொகுதி, இதே காரியத்துக்கு சிக்மாய்டு என்ற தொகுதியில் மொத்தக் கான்ட்ராஸ்டைத் தணித்துவிட்டு, லோக்கல் கான்ட்ராஸ்ட் தொகுதிக்கு ஒரு கிரேடியன்ட் மாஸ்க்கும், கூடவே வெளிச்சமான பகுதியை விலக்கும் பாராமெட்ரிக் மாஸ்க்கும் கொடுத்தேன். நேரம் கூடுதலாகப் பிடித்தது, ஆனால் பனி கரையும் விதம் இதில்தான் எனக்கு அதிகம் பிடித்தது, ஏனென்றால் எந்த வெளிச்சத்திலிருந்து எந்த வெளிச்சம் வரை மாஸ்க் கரைய வேண்டும் என்பதை இரண்டு முனையிலும் நானே பிடித்து நகர்த்த முடிகிறது. ராதெரபியில் 5.9 பதிப்பிலிருந்து பகுதி பகுதியாகத் திருத்தும் வசதி வந்துவிட்டது, செய்யவும் செய்யலாம், எனக்கு அதில் கை படியவில்லை. என்எக்ஸ் ஸ்டுடியோவில் கலர் கன்ட்ரோல் பாயின்ட் இருக்கிறது, ஒரு புள்ளியை வைத்தால் அதே நிறமுள்ள சுற்றுப்புறத்தை அது பிடித்துக்கொள்ளும், பூவுக்கோ முகத்துக்கோ அருமை, மலைச்சரிவு முழுக்கக் கரைய வேண்டிய மாற்றத்துக்குத் தோதாக இல்லை.

பனிப் படம் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மெல்ல மாறும் அந்தப் பெரிய பரப்பை 8 பிட் ஜேபெக் ஆக ஏற்றுமதி செய்தால் பட்டை பட்டையாகக் கோடு விழும். ரா கோப்பில் 14 பிட், அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 16,384 படிகள், ஜேபெக்கில் 256 மட்டுமே. ஏற்றுமதிக்கு முன் கண்ணுக்குத் தெரியாத அளவில் துளி கிரெய்ன் (பிலிமில் இருப்பது போன்ற மணல்புள்ளி) சேர்த்தால் பட்டை மறைந்துவிடும். டார்க்டேபிளில் இதற்கென்றே டிதரிங் தொகுதி ஒன்று இருக்கிறது, லைட்ரூமில் கிரெய்ன் ஸ்லைடரே போதும்.

ஈப்பிடிப்பான் விஷயத்துக்கு வருவோம். லாங்வுட் சோலை கோத்தகிரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, முக்கியமான ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சர் பட்டியலில் 2024இல் சேர்ந்த இடம். அடர்ந்த மரம், வெளிச்சம் பச்சையாகத்தான் கீழே இறங்கும், ஆண் ஈப்பிடிப்பானோ கருநீலம். கேமரா சென்சாரில் நான்கு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பச்சை வெளிச்சத்தில் நீலப் பறவை என்றால் இருக்கும் கொஞ்சநஞ்ச நீலத்தை மென்பொருள் பெருக்கித்தான் காட்ட வேண்டும், பெருக்கும்போது நாய்ஸும் சேர்ந்து பெருகும், அதனால் பறவையின் மேல்தான் புள்ளி அதிகம் தெரியும், பின்னணியில் அவ்வளவு தெரியாது. இதில் டிஎக்ஸ்ஓவின் நாய்ஸ் நீக்கும் கருவியான டீப்பிரைமும், லைட்ரூமில் 2023இல் வந்த ஏஐ டீநாய்ஸும் மற்ற எல்லாவற்றையும் தெளிவாகத் தாண்டி நின்றன, கழுத்து இறகின் இழை தனித்தனியாக நின்றது, இதை ஒளிக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால் இரண்டுக்கும் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அது இல்லாத என் மடிக்கணினியில் ஒரு படத்துக்குப் பல நிமிடம், மின்விசிறி அலறும், வேறு வேலை ஓடாது.

டார்க்டேபிளில் இருக்கும் டீநாய்ஸ் புரொஃபைல்டு என்பது வேறு வழி, ஒவ்வொரு கேமராவுக்கும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவுக்கும் நாய்ஸ் எவ்வளவு வரும் என்று முன்பே அளந்துவைத்த கணக்கை எடுத்துக்கொள்கிறது. நிறப் புள்ளிகளை நன்றாகவே நீக்குகிறது, வெளிச்சப் புள்ளிகளை அதிகம் குறைக்கப் போனால்தான் இறகு மெழுகு பூசியது போலாகிறது. அதனால் நிறத்துக்கு முழுதாகவும் வெளிச்சத்துக்குக் குறைவாகவும் வைத்தேன். நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி தெரியும். ஆனால் நான் பறவைப் படத்தை ஏ4க்கு மேல் பிரிண்ட் போடுவதில்லை, ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், எட்டரை மெகாபிக்சல் சொச்சம் போதும், என் கேமரா தருவது 20.9, சுருங்கும்போது பாதிப் புள்ளி தானே அடங்கிவிடுகிறது. பிரிண்டைக் கையில் வைத்துப் பார்த்தபோது டீப்பிரைம் பிரிண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முயற்சி செய்ய வேண்டியிருந்தது. பறவையே முழுநேரம் என்று இருப்பவர், தூரத்தில் உள்ளதை வெட்டிப் பெரிதாக்குபவர், போட்டிக்கு அனுப்புபவர் என்றால் அவருக்கு நான் டிஎக்ஸ்ஓவைத்தான் சொல்வேன், கூடவே கிராபிக்ஸ் கார்டையும்.

காட்டேஜ் அறையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லென்ஸ் வளைவை நேராக்குவது, சுவர்க் கோட்டைச் செங்குத்தாக்குவது எல்லாம் எல்லாவற்றிலும் இருக்கிறது, லைட்ரூமில் ஒரு சொடுக்கு, டார்க்டேபிளில் நாலைந்து.

வெள்ளைக்கு வருவோம், ஏனென்றால் இந்த மலையில் கல்யாணம், பண்டிகை எடுப்பவர் யாராக இருந்தாலும் இதில் மாட்டுவார். படுகர் வீட்டு விசேஷங்களில் ஆண் பெண் எல்லோரும் வெள்ளை, அதுவும் ஹெத்தையம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரி வெயிலில், மலை வெயில் சுள்ளென்று இருக்கும், நிழலோ நீலம் பாயும். ஒரே வேட்டியில் வெயில் பட்ட பக்கம் மஞ்சள் தட்டும், நிழல் பக்கம் நீலம் தட்டும். மூன்று நிறத்தில் ஒன்றோ இரண்டோ மட்டும் உச்சத்தைத் தொட்டு வெட்டுப்பட்டிருந்தால் மிச்சமுள்ளதை வைத்து மென்பொருள் மடிப்பை மீட்டுவிடும், மூன்றும் போயிருந்தால் எதனாலும் முடியாது, அங்கே வெறும் வெள்ளைதான். லைட்ரூமின் ஹைலைட்ஸ் ஸ்லைடர் இதில் கெட்டிக்காரத்தனமானது, கண்ணை மூடிக்கொண்டு இழுக்கலாம். டார்க்டேபிளும் மீட்டது, ஆனால் எக்ஸ்போஷரையும் ஹைலைட் மீட்பையும் டோன் ஈக்வலைசரையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நிழல் பக்க நீலத்தை மட்டும் தணிக்க இரண்டிலும் மாஸ்க் போட்டேன். முழுக்கத் தணித்துவிடக் கூடாது, கொஞ்சம் நீலம் இருந்தால்தான் அது நிழல் என்று கண் நம்பும்.

என் மட்டில் டார்க்டேபிள் என்று முடிவு செய்தேன். இலவசம் என்பது காரணங்களில் ஒன்று, அதுவே முதல் காரணம் இல்லை. மழைக்காலத்தில் மரம் விழுந்தால் இங்கே கரண்டும் இருக்காது, டவரும் இருக்காது, உரிமத்தை இணையத்தில் வந்து சரிபார்க்கும் தேவையே இல்லாத மென்பொருள் எனக்கு நிம்மதி. அடோபி மென்பொருள்களும் இணையம் இல்லாமல் சில வாரம் ஓடும்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அப்புறம், ஒவ்வொரு படத்துக்கும் செய்த திருத்தத்தை அது படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எக்ஸ்எம்பி கோப்பாக எழுதிவைக்கிறது, பாதியில் கரண்ட் போனாலும் வேலை அங்கே இருக்கிறது. ஆனால் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று, திறந்ததும் பயப்படுத்தும் மென்பொருள் இது, தொகுதிகள் ஏராளம், ஒரே காரியத்தைச் செய்யப் பழைய வழி புதிய வழி என்று இரண்டு மூன்று இருக்கும். நான் செய்தது, தினமும் கைபடும் ஏழெட்டுத் தொகுதிகளை மட்டும் விரைவு அணுகல் பலகையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கண்ணிலிருந்தே மறைத்துவிட்டேன். பனி, சோலை, வெயில் வெள்ளை என்று மூன்று ஸ்டைல், அதாவது மொத்தமாகப் போடக்கூடிய தயார் அமைப்புகள், சேமித்தேன். இப்போது பெரும்பாலான படத்துக்கு ஸ்டைலைப் போட்டு எக்ஸ்போஷரை மட்டும் தொட்டால் முக்கால்வாசி முடிந்துவிடுகிறது.

ஸ்டுடியோ அண்ணனுக்கு டார்க்டேபிளைக் காட்டியபோது ஐந்து நிமிடம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா எனக்குக் கல்யாணத்துக்கு ரெண்டாயிரம் போட்டோ" என்றார். அதுதான் அவருடைய கேள்வியே. அவருக்கு ஒரு படத்தைச் செதுக்குவது பாதி வேலைகூட இல்லை, கண் மூடியது, மங்கியது, ஒன்றுபோலவே இருப்பது எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்துக்கு ஒரே நிறம் கொடுத்து, ஆல்பத்தில் ஏற்ற வேண்டும். லைட்ரூமில் இம்போர்ட் செய்யும்போது கேமரா ரா கோப்புக்குள்ளேயே வைத்திருக்கும் ஜேபெக்கை முன்னோட்டமாக எடுத்துக்கொள்ளச் சொன்னால் படம் படமாகத் தாவுவது உடனே வேகமாகிவிடும், இந்த ஒரு அமைப்பை மாற்றியதற்கே அவர் முகம் மலர்ந்தது. முகூர்த்த நேரத்துப் படம் ஒன்றைச் சரிசெய்து சிங்க் கொடுத்தால் அந்த மேடை வெளிச்சத்தில் எடுத்த எல்லாவற்றுக்கும் போய்விடும்.

அதைவிட முக்கியம் ஆல்பம். கரிஷ்மா ஆல்பத்துக்கான 12க்கு 36 இஞ்ச் டிசைன்கள் பல வருடமாகச் சேர்த்தது எல்லாம் அவரிடம் போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பாக இருக்கின்றன. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் பிஎஸ்டி திறக்கும், அஃபினிட்டியிலும் திறக்கும், 2025 அக்டோபரிலிருந்து அஃபினிட்டி இலவசமாகவே கிடைக்கிறது, ஆசையோடுதான் அவருடைய டிசைன்களைத் திறந்து பார்த்தேன். எளிய டிசைன்கள் சரியாக வந்தன, லேயர் ஸ்டைலும் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும் அடுக்கி வைத்தவை அப்படியே வரவில்லை. பல வருட உழைப்பைத் திரும்பச் செய்யச் சொல்ல எனக்கு மனசு இல்லை. லைட்ரூமும் போட்டோஷாப்பும் சேர்ந்த மாதச் சந்தாவே அவருக்குச் சரி என்று சொன்னேன், ஒரு கல்யாண ஆர்டரில் அது சின்னப் பங்கு. கம்ப்யூட்டருக்கு ஒதுக்கிய காசில் மானிட்டர் அளவைக் குறைத்து 32 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் கிராபிக்ஸ் கார்டும் போட்டார். சந்தா நின்றால் லைட்ரூமில் படங்களைப் பார்க்கலாம், ஏற்றுமதி செய்யலாம், திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும், ஆனால் போட்டோஷாப் திறக்காது. அதனால் முடிந்த ஆல்பம் ஒவ்வொன்றையும் முழு அளவு ஜேபெக் ஆகவும் சேமித்துவைக்கிறார்.

இந்து நகர்ப் பெரியவருக்காகச் செய்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த வேலை. அந்த ஊருக்குப் பெயர் வந்ததே பிலிமால்தான். 1960இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் அங்கேதான் இருந்தது, இந்து என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் போட்டோ பேப்பரும் எக்ஸ்ரே பிலிமும் செய்தார்கள், இப்போது மூடிக் கிடக்கிறது. பெரியவர் அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே டார்க்ரூம் வைத்திருந்தவர். அவர் நெகட்டிவ்களில் படுக ஊர் வீடுகள், பழைய ஊட்டி மார்க்கெட், மலை ரயில், சக ஊழியர்களின் வீட்டுக் கல்யாணங்கள்.

ஸ்கேனர் வாங்காமல் கேமராவிலேயே எடுத்தோம். துடிப்பில்லாத எல்இடி ஒளிப்பலகை, அதன்மேல் நெகட்டிவ் அளவுக்கு ஓட்டை வெட்டிய கருப்பு அட்டை, ஒன்றுக்கு ஒன்று அளவில் எடுக்கும் மேக்ரோ லென்ஸ், எஃப் 8, ஐஎஸ்ஓ 100. கேமராவும் நெகட்டிவும் துல்லியமாக இணையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். அதற்கு நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வைத்து வியூஃபைண்டரில் பார்க்க வேண்டும், லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவே விழுந்தால் இணையாக இருக்கிறது என்று அர்த்தம். தூசியை ஊதும் பந்தால் மட்டும் ஊதினோம், துணி படவே கூடாது. ஊட்டி ஈரத்தில் சில நெகட்டிவ்களில் பூஞ்சை வேர் விட்டிருந்தது. அவற்றைத் தனியே பிரித்து, மற்றவற்றைச் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு மாற்றிவிட்டோம்.

ரா கோப்பாக எடுத்தே ஆக வேண்டும். மங்கலான நெகட்டிவ் ஹிஸ்டோகிராமில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைத்தான் பிடிக்கும், ஜேபெக் என்றால் 256 படியில் எண்பது சொச்சம், அதை இழுத்து முழுப் படமாக்கினால் வானம் சிதறிப்போகும். அடுத்து, தலைகீழாக்குவது. லைட்ரூமில் டோன் கர்வ் என்கிற வெளிச்சக் கோட்டைக் கவிழ்த்துப்போட்டால் படம் நேராகிவிடும், ஆனால் அதன் பிறகு ஸ்லைடர்கள் எல்லாம் எதிர்ப்பக்கம் வேலை செய்யும், வெளிச்சம் கூட்ட எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். எனக்கே தலை சுற்றும், அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. டார்க்டேபிளில் 2020இல் சேர்த்த நெகடாக்டர் என்ற தொகுதியைத் திறந்தோம். பிலிமின் வெறுமையான ஓரத்தைச் சொடுக்கினால் அடிநிறத்தை எடுத்துக்கொள்கிறது, பிறகு பிரிண்ட் எக்ஸ்போஷர், பேப்பர் கருப்பு, பேப்பர் கிரேடு (கான்ட்ராஸ்ட் அளவு), பேப்பர் பளபளப்பு என்று ஸ்லைடர்கள் வரிசையாக வருகின்றன.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். மவுஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "கிரேடு மூணு போட்டாத்தான் இந்த நெகட்டிவ் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஸ்லைடரை ஏற்றினார், எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்தார், கருப்பை ஒரு துளி அழுத்தினார். ரயில் இன்ஜினின் நீராவி வெள்ளையில் தொலையாமல், சக்கரத்தின் கருப்பில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தபடி நின்றது. நான் காட்டிய எதுவும் அவருக்குப் புதிதாக இல்லை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் என்லார்ஜருக்குக் கீழே வாழ்நாள் முழுக்கச் செய்த அதே கை இது. லைட்ரூமில் நான் பாடம் எடுத்திருந்தால் அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீயே செஞ்சு குடுத்துடு தம்பி" என்று எழுந்து போயிருப்பார். அவரே செய்வது எனக்கு முக்கியம், எந்தக் கருப்பு எவ்வளவு ஆழமாக இருக்க வேண்டும் என்பது எடுத்தவருக்குத்தான் தெரியும்.

தூசிப் புள்ளி நீக்குவதற்கு டார்க்டேபிள் மெதுவானது, புள்ளி கூடக்கூடத் திணறும். தரம் குறையாத 16 பிட் டிஃப் கோப்பாக ஏற்றுமதி செய்து ஜிம்ப்பின் ஹீல் கருவியில் துடைக்கிறார். படங்களுக்கு விவரம் எழுத டிஜிகேம் என்ற இலவச மென்பொருள். யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்பதைத் தமிழிலேயே தட்டச்சு செய்கிறார், அது எக்ஸ்எம்பியில் யூனிகோடாக எழுதப்படுவதால் வேறு மென்பொருளில் திறந்தாலும் தமிழ் அப்படியே வருகிறது. மூன்றும் அவருடைய பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டு ஓடுகின்றன, கருப்பு வெள்ளைக்குத் தொகுதிகள் குறைவு என்பதால் கிராபிக்ஸ் கார்டு இல்லாத குறை தெரியவில்லை.

நடுவில் இன்னொரு அக்காவும் கேட்டார், தோடர் எம்பிராய்டரி சால்வைகளை வாங்கி விற்பவர், போன் மட்டும்தான். அவருக்கு ஸ்னாப்சீட் ஆப் போதும். வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக வரும் அந்தத் தையலில் போன் கேமரா சிவப்பை ஏற்றிவிடுவதால் நூல் கோடுகள் ஒட்டி ஒரே திட்டாகத் தெரியும். ஒயிட் பேலன்ஸில் துணியின் வெள்ளையைத் தொட்டு, செலக்டிவ் கருவியால் சிவப்பின் மேல் புள்ளி வைத்துச் சாச்சுரேஷனை இறக்கினால் நூல் நூலாகப் பிரிந்து நிற்கும். வெயிலில் விரித்து எடுக்க வேண்டாம், திண்ணை நிழலில் எடுங்கள் அக்கா என்று சொன்னதில்தான் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கடைசியாக வெளியேறும் சோதனை. எந்த மென்பொருளிலும் நுழைவதற்கு முன் அதிலிருந்து எப்படி வெளியே வருவது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டார், கலர் லேபிள், குறிச்சொல், விவரம் இவையெல்லாம் எக்ஸ்எம்பி வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விடும். திருத்தங்கள் பெரும்பாலும் போகாது, லைட்ரூமில் போட்ட மாஸ்க்கை டார்க்டேபிள் புரிந்துகொள்ளாது, மறுபக்கமும் அப்படித்தான். ஆகவே என் பழைய லைட்ரூம் 6 படங்களில் பிரிண்ட் போட்டவை, விற்றவை, வீட்டுப் படங்கள் இவற்றை 16 பிட் டிஃப் ஆக எடுத்துவைத்தேன், மற்றவற்றின் ராவை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு ஒரு ஃபோல்டரை எக்ஸ்எம்பி கோப்புகளோடு பென் டிரைவில் போட்டுப் பெரியவரின் கம்ப்யூட்டரில் டார்க்டேபிளில் திறந்தேன், மாஸ்க் உட்பட எல்லாம் அப்படியே வந்தது. ஒரே ஒரு விஷயம், அங்கே இருக்கும் பதிப்பு பழையதாக இருக்கக் கூடாது, புதியதில் செய்த திருத்தத்தைப் பழையது முழுதாகப் படிக்காது.

இப்போது பெரியவர் அடுத்த பெட்டியை எடுத்துவைத்திருக்கிறார், எண்பதுகளின் கலர் நெகட்டிவ். அதில் ஆரஞ்சு அடிநிறம் உண்டு, வயதாகி நிறங்கள் வெவ்வேறு அளவில் வெளுத்தும் போயிருக்கின்றன. நெகடாக்டரில் நிழலுக்குத் தனி, ஹைலைட்டுக்குத் தனி என்று நிறம் திருத்தும் பகுதி இருக்கிறது, முதலில் ஒவ்வொரு ரோலின் வெறும் ஓரத்தையும் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு அங்கிருந்து தொடங்கப் போகிறோம்.